வியூகமும் ஆட்களும்: மிச்சிகன் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் இரு திருப்பங்கள்

நான்கு எண்களிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் கால்பந்து அணி 2010ஆம் ஆண்டுப் பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 35.2 புள்ளிகளை எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தது. அடுத்த ஆண்டு அச்சராசரி 17.4 ஆகக் குறைந்தது. பத்தாண்டுகள் கழிந்தன. 2020இல் அதே அணி 34.5 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. 2021இல் மீண்டும் 17.4. இரு முறையும் தலைகீழ் மாற்றத்துக்கு முன் நிகழ்ந்த கண்கூடான நிகழ்வு ஒன்றே: தடுப்பாட்ட ஒருங்கிணைப்பாளர் மாற்றப்பட்டார். இரு முறையும் வந்தவர் பால்டிமோர் ரேவன்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து வந்தார்.

வரலாற்று மாணவர்களுக்கு இத்தகைய ஒற்றுமை ஒரு வரம். அதேவேளை ஒரு பொறியும்கூட. ஒரு நிறுவனத்தில் பெரும்பாலான ஆட்கள் அப்படியே இருக்க, மேலிருந்து ஒருவரும் அவர் கொண்டுவரும் திட்டமும் மட்டும் மாறும்போது, விளைவுக்குக் காரணம் எது? திட்டமா, திட்டத்தைத் தீட்டியவரா, அதைச் செயற்படுத்தியவர்களா, அல்லது நாம் கணக்கில் கொள்ளாத வேறொன்றா? அரசுகளின் வீழ்ச்சி குறித்தும் நிலச் சீர்திருத்தங்கள் குறித்தும் நாம் கேட்கும் கேள்விதான் இது. விளையாட்டில் ஆட்டங்களின் எண்ணிக்கையும் முடிவுகளும் ஐயமின்றிப் பதிவாகியிருப்பதால், கேள்வியைச் சற்றுத் துல்லியமாகக் கேட்க இயலுகிறது. அதனாலேயே இதனை எழுதுகிறேன்.

1. ஒரு பதவியின் தோற்றம்

அமெரிக்கக் கால்பந்தை அறியாதோருக்குச் சுருக்கமான விளக்கம். ஓர் அணிக்குக் களத்தில் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். தடுக்கும் அணி அதனை முறியடிக்க வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன் ஆட்டம் நின்று, இரு தரப்பும் அணிவகுத்து நிற்கும். ஆகவே இவ்விளையாட்டில் வியூகம் என்பது உருவகம் அன்று. ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தடவை வகுக்கப்பட்டுக் கலைக்கப்படும் நடைமுறை.

தாக்குதலுக்குத் தனி ஆட்கள், தடுப்பாட்டத்துக்குத் தனி ஆட்கள் என்ற பிரிவினை தொடக்கத்தில் இல்லை. ஒரே பதினொருவர் இரண்டையும் ஆடினர். 1941இல் மாற்று ஆட்டக்காரர் குறித்த விதிகள் தளர்த்தப்பட்டன. 1945 அக்டோபரில் நியூயார்க்கின் யாங்கி அரங்கில் ஆர்மி அணியை எதிர்கொண்ட மிச்சிகன் பயிற்றுநர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர், அத்தளர்வைப் பயன்படுத்தித் தம் அணியை இரண்டாகப் பிரித்தார். போர்க்காலத்தில் நாட்டின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் ஆர்மி அணியில் இருந்தனர். கிரைஸ்லரிடம் இருந்தோரில் பலர் அனுபவமற்ற இளையோர். இருவேறு திறன்களை ஒருவரிடமே எதிர்பார்க்க இயலாத நிலையில், ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையை மட்டும் கொடுத்தார். ஆட்டத்தில் 28-7 எனத் தோற்றார். ஆனால் அம்முறை வென்றது. ஆர்மி அணியே பின்னர் அதனைத் தழுவிக்கொண்டது. 1953இல் விதிகள் மீண்டும் இறுக்கப்பட்டு, 1960களின் நடுவில் மறுபடி தளர்த்தப்பட்ட பிறகு, இரு பிரிவுகளுக்கும் தனித்தனித் தலைமைகள் நிலைபெற்றன. தடுப்பாட்ட ஒருங்கிணைப்பாளர் என்ற பதவி இந்தப் பிரிவினையின் விளைவு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இப்பதவிக்கு வழிவகுத்த சீர்திருத்தமே, கையிலிருந்த ஆட்களுக்கு ஏற்ப வியூகத்தை மாற்றிய செயலாகும். வியூகத்துக்கு ஏற்ப ஆட்களைத் தேடும் வழக்கம் பின்னர் வந்தது.

2. இரவல் வியூகம்: 2008-2010

2007 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து ரிச் ரொட்ரிகஸ் மிச்சிகனின் தலைமைப் பயிற்றுநராக அழைக்கப்பட்டார். அவருடைய புகழ் தாக்குதல் ஆட்டத்தில். மேற்கு வர்ஜீனியாவில் தடுப்பாட்டத்தைக் கவனித்தவர் ஜெஃப் கஸ்டீல். அவர் கையாண்டது 3-3-5 வியூகம். அதாவது முன்வரிசையில் மூவர், அவர்களுக்குப் பின் லைன்பேக்கர் எனப்படும் நடுவரிசையினர் மூவர், பின்களக் காவலர் ஐவர். கஸ்டீல் மிச்சிகனுக்கு வரவில்லை. வியூகத்தின் பெயர் வந்தது. அதனை அறிந்தவர் வரவில்லை.

2009இல் தடுப்பாட்டப் பொறுப்பேற்ற கிரெக் ராபின்சன் எளியவர் அல்லர். டென்வர் பிராங்கோஸ் அணி 1997, 1998 பருவங்களில் தொடர்ந்து இரு சூப்பர் பவுல் கோப்பைகளை வென்றபோது அதன் தடுப்பாட்டத்தை நடத்தியவர். ஆனால் அவர் வளர்ந்தது நால்வர் முன்வரிசை மரபில். 2010இல் மிச்சிகன் 3-3-5ஐ அடிப்படை வியூகமாக ஏற்றபோது, தமக்குப் பழக்கமில்லாத ஒன்றை அவர் கற்பிக்க வேண்டியதாயிற்று. அபிமன்யுவின் கதை நமக்குத் தெரியும்: பத்ம வியூகத்துள் நுழையக் கற்றவன் வெளியேறக் கற்றிருக்கவில்லை. பாதிக் கல்வியின் ஆபத்து, எல்லாம் சரியாகச் செல்லும்போது வெளிப்படுவதில்லை. எதிரி மறுமொழி கூறும்போதே வெளிப்படுகிறது. அந்த நவம்பரில் இல்லினாய் அணியை மிச்சிகன் மூன்று கூடுதல் நேரங்களுக்குப் பின் 67-65 என வென்றது. வெற்றிதான், ஆயினும் 65 புள்ளிகளை விட்டுக்கொடுத்த வெற்றி. 2011 புத்தாண்டு நாளில் மிசிசிப்பி ஸ்டேட் அணியிடம் 52-14 எனத் தோற்ற சில நாட்களில் ரொட்ரிகஸ் நீக்கப்பட்டார்.

3-3-5 தன்னளவில் தவறான வியூகமா? அன்று. ரொட்ரிகஸுக்குப் பின் வந்த பிராடி ஹோக், அதற்கு முன் சான் டியேகோ ஸ்டேட் அணியில் அதே வியூகத்தைத்தான் வைத்திருந்தார். அங்கே அதனை நடத்தியவர் அதன் முன்னோடிகளுள் ஒருவரான ராக்கி லாங். மிச்சிகனுக்கு வந்ததும் ஹோக் அதனைக் கைவிட்டு, கிரெக் மேட்டிசனை அழைத்து நால்வர் முன்வரிசைக்குத் திரும்பினார். மேட்டிசன் 1990களிலேயே மிச்சிகனில் பணியாற்றியவர். ரேவன்ஸ் அணியின் தடுப்பாட்ட ஒருங்கிணைப்பாளராக இருந்துவிட்டுத் திரும்பியவர். முன்வரிசையின் மூத்த மாணவர்களான மைக் மார்ட்டின், ரையன் வான் பெர்கன் ஆகியோர் 2010இலும் இருந்தவர்களே. மூவர் முன்வரிசையின் நடுவில் நின்ற மார்ட்டின்மீது எதிரணியினர் இருவராகப் பாய இயன்றது. நால்வரானபோது அது கடினமாயிற்று. ஓர் ஆளை அருகில் சேர்த்ததால் மற்றோர் ஆளின் திறமை வெளிப்பட்டது. அணி 11-2 என்று பருவத்தை முடித்தது. ஒஹாயோ ஸ்டேட்டை 40-34 என வென்றது.

3. வலிமையே பலவீனமான கதை: 2016-2020

2015 டிசம்பரில் பாஸ்டன் கல்லூரியிலிருந்து டான் பிரவுன் வந்தார். ஜிம் ஹார்பாவின் கீழ் அவர் நடத்திய தடுப்பாட்டம் முதல் சில ஆண்டுகள் நாட்டின் தலைசிறந்தவற்றுள் ஒன்று. அவருடைய கொள்கை எளியது, துணிவானது: எதிரணியின் பந்து எறிபவரான குவார்ட்டர்பேக்கை நோக்கி வழக்கத்தைவிட அதிகமானோரை அனுப்பு, எஞ்சியோர் ஆளுக்கு ஆள் காவல் காக்கட்டும். இதற்கு வேண்டிய ஆட்கள் அவரிடம் இருந்தனர். நடுவரிசைக்கும் பின்களத்துக்கும் இடைப்பட்ட பணியை ஜப்ரில் பெப்பர்ஸ் 2016இல் ஏற்றார்; பின்னர் டெவின் புஷ், சேஸ் வினோவிச் முதலியோர் வேகத்தைத் தந்தனர்.

ஆளுக்கு ஆள் காவல் ஓர் ஒப்பந்தத்தைப் போன்றது. நம் காவலர் எதிரணியின் பந்து ஏற்பவருக்கு நிகரான வேகம் உடையவராக இருக்கும்வரை அது நிற்கும். பெரும்பாலான எதிரிகளிடம் அது நின்றது. மிச்சிகனைவிட வேகமான ஆட்களைக் கொண்டிருந்த ஒஹாயோ ஸ்டேட்டிடம் முறிந்தது. பந்து ஏற்போர் களத்தின் குறுக்கே எதிரெதிர்த் திசைகளில் ஓடி ஒருவரையொருவர் கடக்கும்போது, துரத்தும் காவலர் ஓரடி பின்தங்கினாலும் வழி திறந்துவிடும். 2018இல் 62-39, 2019இல் 56-27. இரு தோல்விகளும் வியூகத்தை எழுதப்பட்ட நூலைப் போல எதிரி படித்துவிட்டதைக் காட்டின. 2020இல் எஞ்சியதும் சரிந்தது. ஆறு ஆட்டங்களில் இரண்டு வெற்றி மட்டுமே. பிரவுன் விடுவிக்கப்பட்டார்.

4. 2021 ஜனவரியின் கேள்வி

அந்த ஜனவரியில் வந்தவர் மைக் மெக்டொனால்ட். வயது 33. ரேவன்ஸ் அணியில் கடைநிலைப் பயிற்சிப் பணியில் தொடங்கி லைன்பேக்கர்களின் பயிற்றுநரானவர். அன்று அவ்வணியின் தலைமைப் பயிற்றுநராக இருந்த ஜான் ஹார்பா, ஜிம்முக்கு அண்ணன். மெக்டொனால்ட் எந்த அணியின் தடுப்பாட்டத்தையும் அதற்கு முன் தலைமையேற்று நடத்தியவர் அல்லர். தொழில்முறை வீரர்களுக்கென உருவான சிக்கலான திட்டம், வகுப்புகளுக்கும் செல்ல வேண்டிய மாணவர்களுக்குப் பொருந்துமா? பிரவுனின் முறைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இதில் என்ன செய்வார்கள்? அன்று நியாயமாகவே எழுந்த ஐயங்கள் இவை.

அத்திட்டத்தின் உள்ளமைப்பை மூன்று கூறுகளாகக் காணலாம்.

முதலாவது, தோற்றமும் செயலும் வேறாதல். ஆறு பேர் பாயப்போவதுபோல் முன்வரிசையில் நிற்பர். பந்து இயங்கியதும் நால்வர் மட்டுமே பாய்வர், இருவர் பின்வாங்கிக் காவலுக்குச் செல்வர். பாயும் அந்நால்வர் யாவர் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். பிரவுனின் முறையில் அழுத்தத்துக்கு விலை இருந்தது: பாய்வோர் கூடினால் காவலர் குறைவர். இங்கே அவ்விலையை எதிரியின் குழப்பமே செலுத்துகிறது.

இரண்டாவது, காவலில் பன்மை. ஆளுக்கு ஆள் காவலுடன் பரப்புக் காவலும் கலந்தது. பரப்பைக் காப்பவர் ஆளைத் துரத்துவதில்லை. தம் பகுதியில் நின்று குவார்ட்டர்பேக்கின் கண்களைப் பார்க்கிறார். வேகத்தில் சற்றுக் குறைந்தவரும் இதில் பயன்படுவார். எல்லா இடங்களிலும் எதிரிக்கு நிகரான வேகம் இல்லாத அணிக்கு இது பொருத்தமானது.

மூன்றாவது, விளிம்பு ஆட்டக்காரர்கள். ஏய்டன் ஹட்சின்சனும் டேவிட் ஒஜாபோவும் பல வேளைகளில் கையைத் தரையில் ஊன்றாமல் நின்ற நிலையிலேயே முன்வரிசையின் இரு ஓரங்களில் அமைந்தனர். நைஜீரியாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஒஜாபோ, அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகே இவ்விளையாட்டைக் கற்றவர். அதற்கு முந்தைய பருவத்தில் அவர் ஆடியது மிகச் சொற்பம். அவரிடமிருந்த தனித்திறன் வேகம். புதிய வியூகம் அவரிடம் அதனை மட்டுமே முதன்மையாகக் கேட்டது. பின்களத்தில் டாக்ஸ்டன் ஹில், காவலும் தாக்குதலும் கலந்த இடைநிலைப் பணியை ஏற்றார்.

விளைவுகள் பதிவில் உள்ளன. குவார்ட்டர்பேக் பந்தை எறியுமுன் அவரை வீழ்த்துவது 'சாக்' எனப்படும். ஹட்சின்சன் அப்பருவத்தில் 14 சாக்குகளுடன் மிச்சிகனின் வரலாற்றுச் சாதனையைப் படைத்தார், ஒஜாபோ 11. நவம்பர் 27 அன்று ஒஹாயோ ஸ்டேட்டை 42-27 என மிச்சிகன் வென்றது. 2011க்குப் பின் அவர்களுக்கு எதிரான முதல் வெற்றி. அந்த ஆட்டத்தில் ஹட்சின்சனின் பங்கு மூன்று சாக்குகள். ஒரு வாரம் கழித்து அயோவாவை 42-3 என வீழ்த்திப் பிக் டென் கூட்டமைப்பின் பட்டமும் கிட்டியது.

குறைகளும் பதிவில் உள்ளன. அக்டோபர் இறுதியில் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 37-33 எனத் தோற்றபோது, எதிரணியின் கென்னத் வாக்கர் ஐந்து முறை எல்லைக்கோட்டைக் கடந்தார். பல வகை ஆட்களை மாற்றி மாற்றிக் களமிறக்கும் திட்டம், எதிரி இடைவெளியின்றி வேகமாக ஆடும்போது தடுமாறும் என்பதை அந்த ஆட்டம் காட்டியது. ஆண்டின் கடைசி நாளில் ஜார்ஜியா 34-11 என வென்றது. வியூகத்தின் நுட்பம் உடல் வலிமையின் இடைவெளியை ஓரளவே நிரப்பும்.

5. வேறுபாட்டு முறையும் அதன் எல்லையும்

ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வகுத்த வேறுபாட்டு முறை ஆய்வு மாணவர்களுக்குப் பழக்கமானது: எல்லாக் கூறுகளும் ஒத்திருந்து ஒன்று மட்டும் வேறுபடும் இரு நிகழ்வுகளில், அந்த வேற்றுமையே விளைவின் காரணம் அல்லது காரணத்தின் பகுதி. 35.2இலிருந்து 17.4, 34.5இலிருந்து 17.4. ஒருங்கிணைப்பாளர் மட்டும்தான் மாறினாரா?

இல்லை. 2010இல் பின்களத்தின் மூத்த காவலர் டிராய் உல்ஃபோக் பருவம் தொடங்குமுன்னரே காயமுற்றார். அனுபவமற்ற இளையோர் அவ்விடங்களை நிரப்பினர். 2011இல் அவர் திரும்பினார். பிளேக் கவுன்டெஸ் என்ற புதிய காவலரும் வந்தார். 2020 பெருந்தொற்றின் ஆண்டு. ஆறு ஆட்டங்களே நடந்தன. காவலர் ஆம்ப்ரி தாமஸ் அப்பருவத்தில் ஆடவில்லை. ஹட்சின்சன் மூன்றாம் ஆட்டத்தில் கால் முறிந்து வெளியேறினார். ஆறு ஆட்டங்களின் சராசரியைப் பதினான்கு ஆட்டங்களின் சராசரியோடு ஒப்பிடுவதே எச்சரிக்கையோடு செய்யத்தக்கது. மேலும் 2021இல் துணைப் பயிற்றுநர்கள் பலரும் புதியவர்கள். தாக்குதல் அணியும் பந்தைக் கையில் ஏந்தி ஓடி நேரத்தைக் கடத்தியதால், தடுப்பாட்டத்தினருக்கு ஓய்வு கிடைத்தது.

மற்றொரு சிக்கல் அறம் சார்ந்தது. எதிரணிகளின் சைகைகளை அறிவதற்காக ஆட்களை நேரில் அனுப்பி வேவு பார்த்தமை குறித்து 2023 அக்டோபரில் மிச்சிகன்மீது விசாரணை எழுந்தது. 2021 முதல் 2023 வரையிலான பருவங்களில் விதிமீறல் நடந்ததாகத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2025 ஆகஸ்டில் முடிவுசெய்து தண்டனை விதித்தது. இதனால் கிடைத்த ஆதாயம் எவ்வளவு என்பதை எந்த எண்ணும் கூறாது. ஆனால் 2021இன் வெற்றியை வியூகத்தின் தூய வெற்றியாக எழுதும் எவரும் இப்பதிவைத் தவிர்த்துவிட்டு எழுத இயலாது.

எனினும் ஆளையும் திட்டத்தையும் பிரித்தறிய வரலாறே ஒரு சோதனையை நடத்தித் தந்தது. ஓராண்டிலேயே மெக்டொனால்ட் ரேவன்ஸுக்குத் திரும்பினார். ஹட்சின்சன், ஒஜாபோ, ஹில் மூவரும் தொழில்முறை அணிகளுக்குச் சென்றனர். வந்தவர் ஜெஸ்ஸி மின்ட்டர். அவரும் முன்பு ரேவன்ஸில் பணியாற்றியவர். வியூகத்தின் மொழியும் பெயர்களும் பெரிதும் மாறவில்லை. 2022இல் அணி 13-1, 2023இல் 15-0. அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 10.4 புள்ளிகள் மட்டுமே விட்டுக்கொடுத்து, 2024 ஜனவரி 8 அன்று வாஷிங்டனை 34-13 என வென்று தேசியப் பட்டத்தைக் கைப்பற்றியது. மறுபுறம், மெக்டொனால்ட் நடத்திய ரேவன்ஸ் தடுப்பாட்டமும் 2023இல் தொழில்முறை லீகின் முதலிடத்தில் நின்றது.

தீட்டியவர் சென்ற பின்னும் திட்டம் நின்றது. திட்டத்தோடு சென்றவர் வேறிடத்திலும் வென்றார். ஆகவே அத்திட்டம் ஒருவரின் தனி ஆற்றலில் மட்டும் தங்கியிருக்கவில்லை, கற்பிக்கத்தக்க அறிவாக இருந்தது என்று கூறலாம். 2010இன் 3-3-5க்கும் 2021இன் திட்டத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. முன்னதில் அறிவைக் கொண்டுவந்தவர் எவருமில்லை. பின்னதில் அறிந்தவர் வந்தார், கற்பித்தார், செல்லும்போது அதே பள்ளியில் பயின்ற மற்றொருவர் அவ்விடத்தை நிரப்பினார்.

6. பொருந்தாதவர்கள்

'வியூகம் அணிக்குப் பொருந்துமா' என்று கேட்கும்போது, அணி என்பதை ஒற்றைப் பொருளாகக் கருதிவிடுகிறோம். அணி என்பது பதினெட்டு முதல் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது வரையுள்ள மாணவர்கள். ஒரு மாணவர் ஒரு பயிற்றுநரின் வாக்கை நம்பி, ஒரு குறிப்பிட்ட பணிக்காகத் தம் உடலை வளர்த்துக்கொண்டு வருகிறார். அவருக்குக் கிடைப்பது நான்கு பருவங்கள். ஒருங்கிணைப்பாளர் ஓராண்டில் செல்லக்கூடும். பல லட்சம் டாலர் ஊதியத்துடன் வேறிடத்தில் பணியேற்கக்கூடும். மாணவரோ, 2021 ஏப்ரலுக்கு முன், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். அந்த ஆண்டில்தான் ஒரு முறை தடையின்றி மாறும் உரிமை வந்தது. ஜூலையில் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்டும் உரிமையும் வந்தது. பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் வழங்குவதற்கு 2025 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒஜாபோவின் கதை நமக்குத் தெரிகிறது. ஏனெனில் அவர் பொருந்தினார். பழைய வியூகத்தில் இடம் பெற்றிருக்கக்கூடியவர்கள், புதியதில் பெயரின்றி ஓரத்தில் அமர்ந்திருந்தவர்கள், அமைதியாக வேறிடம் சென்றவர்கள்: இவர்களைப் பற்றிச் சராசரிகள் பேசா. 17.4 என்ற எண் எதிரணிகள் எடுத்த புள்ளிகளின் கணக்கு. அந்த மாற்றத்துக்காக யார் என்ன இழந்தனர் என்பதன் கணக்கு அன்று.

நம் பல்கலைக்கழகங்களிலும் புதிய பாடத்திட்டங்களும் புதிய மதிப்பீட்டு முறைகளும் வருகின்றன. கொண்டுவருபவர் ஓரிரு ஆண்டுகளில் பதவி மாறுகிறார். அம்முறை நல்லதா என்று விவாதிக்கிறோம். அதனை அறிந்து கற்பிப்பவர் உடன் வந்தாரா, அவர் சென்ற பின் அது நிற்குமா, நடுவழியில் சிக்கிய மாணவருக்கு மாறிச்செல்ல வழியுண்டா என்ற மூன்று கேள்விகளைக் கேட்பது அரிது. மிச்சிகனின் பத்தாண்டு வரலாறு எனக்குக் கற்பிப்பது இம்மூன்றையும் முதலில் கேட்க வேண்டும் என்பதே. நிறுவன வரலாற்றில் ஆய்வு செய்யும் நண்பர்கள், தங்கள் களத்தில் இத்தகைய இணை நிகழ்வுகளைக் கண்டிருந்தால் இங்கே பகிருமாறு வேண்டுகிறேன்.